கட்டி கரைகிறதா என்று யார் பார்ப்பது?

சென்ற இதழில் கால் ரத்தக்கட்டி பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. ஒலி அலையை வைத்தே ரத்தக்கட்டியை உடைக்கிறார்களாமே, உண்மையா? அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. நான் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிற டாக்டர். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், மருந்து போன பிறகு என்ன ஆனது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. என் பதில்களும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

என் கணவருக்கு வயது 52. ராத்திரி முழுக்க பஸ்ஸில் போய் வந்த பிறகு இடது கால் தொடை வரை வீங்கிவிட்டது. டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி என்றார்கள். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். அல்ட்ராசவுண்டால் கட்டியைத் தூளாக்கும் வீடியோ ஒன்றை மகன் காட்டினான். அவருக்கு எடுத்ததும் அல்ட்ராசவுண்ட் தானே? அப்போதே உடைத்திருக்கலாமே டாக்டர்?
*வாசகி, கும்பகோணம்*

நியாயமான கேள்வி சகோதரி. இரண்டும் ஒலி அலைதான், ஆனால் பார்க்கிற ஒலியும் உடைக்கிற ஒலியும் வேறு வேறு.

உங்கள் கணவருக்கு ஸ்கேன் எடுத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். தொடை மடிப்பில் ஜெல் தடவி, ஒலியை அனுப்பி வாங்குகிற கைக்கருவியான புரோபைக் குறுக்கே வைத்தால் திரையில் இரண்டு கருப்பு வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். துடிக்கிற வட்டம் தமனி. மற்றது சிரை. புரோபை லேசாக அழுத்துவோம். நல்ல சிரையாக இருந்தால் சுவர்கள் ஒட்டிக்கொண்டு வட்டமே காணாமல் போய்விடும், கையை எடுத்ததும் திரும்ப வரும். கட்டி இருக்கிற சிரை அழுத்தினாலும் வட்டமாகவே நிற்கும். பக்கத்துத் தமனி கூட நசுங்க ஆரம்பித்துவிடும், இது நசுங்காது. புதிதாக உறைந்த கட்டி திரையில் பெரும்பாலும் ரத்தத்தைப் போலவே கருப்பாக இருப்பதால் கண்ணுக்கு அகப்படாது. அழுத்திப் பார்த்தால்தான் மாட்டும். அதற்குப் பிறகுதான் ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டுகிற டாப்ளரெல்லாம்.

இந்தப் படத்துக்காக அந்தக் கருவி அனுப்புகிற ஒலித் துடிப்புகள் மிகச் சிறியவை. மொத்த நேரத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான் அது ஒலியை அனுப்பும். மிச்ச நேரமெல்லாம் எதிரொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் கர்ப்பிணிக்கும் அதை வைத்துப் பார்க்கிறோம். கட்டியை உடைக்க அதைப் போலப் பல மடங்கு அழுத்தத்தை ஓர் இடத்தில் குவிக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டியைக் கரைக்கும் மருந்தோடு சேர்த்து மணிக்கணக்கில் ஒலி கொடுக்க வேண்டும்.

சரி, உங்கள் கணவருக்கு அது தேவையா? காலில் கட்டி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்துதான் முதல் சிகிச்சை. கட்டியை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்ளும். குழாய் விட்டுக் கட்டியை எடுத்தால் பிற்காலக் கால் வீக்கமும் வலியும் குறையுமா என்று அமெரிக்காவில் 692 பேரிடம் பார்த்தார்கள். அட்ராக்ட் என்ற அந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. குழாய் சிகிச்சை பெற்றவர்களில் 47 சதவீதத்தினருக்கும், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 48 சதவீதத்தினருக்கும் அந்தத் தொந்தரவு வந்தது. வித்தியாசம் இல்லை. முதல் 10 நாட்களில் பெரிய ரத்தக்கசிவு மட்டும் 0.3 சதவீதத்திலிருந்து 1.7 ஆகக் கூடியது. கால் நீலம் பாய்ந்து, ரத்த ஓட்டமே போய்விடும் நிலை என்றால் கதை வேறு. அப்போது உடனே எடுத்தாக வேண்டும்.

மாத்திரையை ஒரு வேளை கூட விடாமல் கொடுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஸ்கேன் எடுக்கும்போது அழுத்துகிறீர்களே, அதிலேயே கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடாதா? பயந்து பயந்து படுத்திருந்தேன்.
*வாசகி, புதுக்கோட்டை*

பயப்படாதீர்கள் அம்மா. நாங்கள் அழுத்துவது சில விநாடி, அதுவும் இடம் இடமாக, சிரை மூடுகிறதா என்று பார்க்கிற அளவுக்கு மட்டும். அப்படிப் பிய்த்துக்கொண்டு போவது மிக மிக அரிது. மேலே மிதந்தபடி ஆடுகிற நுனி தெரிந்தால் அந்த இடத்தில் அழுத்துவதையே நிறுத்திவிடுவோம்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. வீங்கின காலை 'சுளுக்கு' என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவி விடுவார்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் யாரையும் நீவ விடாதீர்கள். முதலில் டாப்ளர் எடுங்கள்.

பயோமெடிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹிஸ்டோட்ரிப்சி முறையில் ரத்தக்கட்டியை உடைப்பது பற்றி புராஜெக்ட் செய்ய ஆசை. உடைப்பது புரிகிறது. சிகிச்சை நடக்கும்போதே சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? அது எங்கேயும் தெளிவாகக் கிடைக்கவில்லை.
*மாணவர், கோயம்புத்தூர்*

தம்பி, இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹிஸ்டோட்ரிப்சி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் கெயின், ஷென் சூ ஆகியோரின் குழுவில் வளர்ந்த முறை. கல்லீரலில் வளர்கிற கட்டிகளுக்கு (ரத்தக்கட்டி அல்ல, ட்யூமர்) இதைப் பயன்படுத்த 2023 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. ரத்தக்கட்டிக்கான வேலை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும்தான் நடந்திருக்கிறது. மைக்ரோ விநாடிகளே நீடிக்கிற, ஆனால் மிக வலுவான ஒலித் துடிப்பை ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். அந்த இடத்தில் நுண்ணிய குமிழ்கள் ஒரு மேகமாகக் கிளம்பி, விரிந்து, சுருங்கி வெடிக்கும். வெட்டுவது அந்தக் குமிழ்கள்தான். ஆகவே கண்காணிப்பு என்றால் மூன்று கேள்விகள். குமிழ் மேகம் கட்டிக்குள் இருக்கிறதா, சிரையின் சுவரில் இருக்கிறதா? போதுமான அளவு வேலை செய்கிறதா? கட்டி உண்மையிலேயே கரைந்துவிட்டதா?

முதல் கேள்விக்குச் சாதாரண ஸ்கேன் படமே ஓரளவு பதில் சொல்லும். குமிழ்கள் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்புவதால் திரையில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கட்டி கூழாகக் கூழாக அந்த இடம் இருண்டுகொண்டே வரும். எதிரொலி கொடுத்துக்கொண்டிருந்த சிவப்பணுக்கள் உடைந்துவிட்டதால் வருகிற இருட்டு அது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிகிச்சைத் துடிப்பு பாயும்போது அந்தச் சத்தத்தில் படம் முழுக்கக் கலைந்துவிடும். அடுத்த படம் வருவதற்குள் பெரும்பாலான குமிழ்கள் மறைந்துவிடும். அதனால் வரி வரியாகப் படம் எடுக்காமல், ஒரே துடிப்பில் முழுப் படத்தையும் எடுக்கிற சமதள அலை முறைக்குப் போனார்கள். விநாடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் கிடைக்கும். மேகம் பிறந்து அடங்குவதையே பார்க்கலாம்.

அடுத்தது இரண்டாவது கேள்வி, நீங்கள் புராஜெக்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது என்று நான் நினைப்பது. ஒலியே அனுப்பாமல் கேட்க மட்டும் செய்கிற படம். குமிழ்கள் வேலை செய்யும்போது அவையே ஒலி எழுப்புகின்றன. 2 மெகா ஹெர்ட்ஸில் ஒலி கொடுத்தால், சீராக அதிர்கிற குமிழ்களிடமிருந்து அதில் பாதியான 1 மெகா ஹெர்ட்ஸும் திரும்பி வரும். குமிழ்கள் சுருங்கி வெடித்தால் எல்லா அலைவெண்ணும் கலந்த இரைச்சல் வரும். ஆகவே கிடைக்கிற ஒலியைப் பிரித்துப் பார்த்தாலே உள்ளே மென்மையாக அதிர்கிறதா, உடைக்கிறதா என்று சொல்லிவிடலாம். புரோபில் இருக்கிற நூற்றுச் சொச்சம் உறுப்புகளுக்கும் அந்த ஒலி வெவ்வேறு நொடித்துளியில் வந்து சேரும். அந்த வித்தியாசத்தை வைத்து ஒலி பிறந்த இடத்தைக் கணக்கிட்டு, சாதாரண ஸ்கேன் படத்தின் மேல் நிறமாகப் பதிக்கிறார்கள். சின்சினாட்டியில் கிறிஸ்டி ஹாலண்ட், ஆக்ஸ்ஃபோர்டில் கான்ஸ்டன்டின் கூசியோஸ், சிகாகோவில் கென்னத் பேடர் ஆகியோரின் குழுக்கள் இதில் நிறைய வேலை செய்திருக்கின்றன. பேடரின் ஆய்வுகள் நேராக ரத்தக்கட்டி பற்றியவை.

இதன் குறை என்னவென்றால் ஆழம். மின்னலைப் பார்த்துவிட்டு இடி கேட்கும் வரை எண்ணினால் எவ்வளவு தூரம் என்று சொல்லலாம். மின்னலைப் பார்க்காமல் இடியை மட்டும் கேட்டால் திசைதான் தெரியும். இங்கேயும் குமிழ் எந்த நொடியில் ஒலி எழுப்பியது என்று கருவிக்குத் தெரியாது. அதனால் பக்கவாட்டில் இடம் துல்லியமாகக் கிடைக்கும், ஆழ வாக்கில் ஒரு புள்ளி நீண்ட வாலோடு இழுத்துக்கொண்டு தெரியும். காலில் இது சின்ன விஷயம் இல்லை. தொடையில் சிரையின் அகலமே ஒரு சென்டிமீட்டர் அளவுதான். வால் அதைத் தாண்டி நீண்டால் வெடிப்பு கட்டிக்குள் நடக்கிறதா, பின்சுவரில் நடக்கிறதா என்று எப்படிச் சொல்வது? கேபன் என்பவரின் பெயரால் வழங்கும் கணக்கு முறையைச் சேர்த்தால் வால் குறைகிறது, ஆனால் கணினிக்கு வேலை கூடுகிறது. சிகிச்சை நடக்கும்போதே திரையில் வர வேண்டும் என்றால் அந்த வேகம் முக்கியம். இந்த இடத்தில் மாணவர்களுக்கு உருப்படியான வேலை இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு, கரைந்ததா என்பதற்கு, விறைப்பை அளக்கலாம். திசுவுக்குள் ஒரு குறுக்கலையைக் கிளப்பி அது ஓடும் வேகத்தைப் பார்ப்பது எலாஸ்டோகிராஃபி. விநாடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் விறைப்பு சுமார் 3 கிலோ பாஸ்கல், 3 மீட்டர் என்றால் 27. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விறைப்பு கூடுகிறது. பழைய கட்டி விறைப்பாக இருக்கும், புதியது இளகலாக இருக்கும். கூழாகிவிட்ட இடத்தில் குறுக்கலை ஓடவே ஓடாது. சிகிச்சைக்கு முன்பே அளந்தால் இந்தக் கட்டி மருந்துக்குக் கேட்குமா என்பதற்கும் ஒரு குறிப்பு கிடைக்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். குமிழ்கள் சிவப்பணுக்களைத்தான் அதிகம் உடைக்கின்றன. கட்டியைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைப்ரின் வலை மிஞ்சலாம். அதனால்தான் பேடரின் குழு கட்டி கரைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. வெளியேறுகிற திரவத்தில் ஹீமோகுளோபினை அளந்தால் சிவப்பணு எவ்வளவு உடைந்தது என்றும், ஃபைப்ரின் கரையும்போது வருகிற துண்டான டி-டைமரை அளந்தால் வலை எவ்வளவு கரைந்தது என்றும் தெரியும். படத்தில் இருண்டுவிட்டது என்பதை மட்டும் நம்பாமல் இந்த இரண்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கல்லூரியில் ஹிஸ்டோட்ரிப்சி கருவி இருக்காது என்பது தெரியும். பரவாயில்லை. கேட்கிற பக்கத்துக் கணக்கைக் கணினியிலேயே செய்து பார்க்கலாம்.

என் தம்பிக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விளங்கவில்லை. தலையில் அல்ட்ராசவுண்ட் வைத்து மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைப்பார்கள் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
*ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், நாகர்கோவில்*

ஐயா, இப்போது அது வழக்கத்தில் இருக்கிற சிகிச்சை இல்லை. பழைய அடைப்புக்கு அதனால் பயனும் இல்லை. ஆனால் இதன் வரலாறு சொல்லத் தக்கது.

ஹூஸ்டனில் ஆண்ட்ரே அலெக்ஸாண்ட்ரோவ் என்ற நரம்பியல் மருத்துவர், கட்டி கரைக்கும் ஊசி போடும்போது நெற்றிப்பொட்டு எலும்பின் வழியாக டாப்ளர் வைத்து, அடைப்பு எப்போது திறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்காணிப்பதற்காக வைத்தது. அப்படித் தொடர்ந்து பார்க்கப்பட்டவர்களுக்கு அடைப்பு அதிகமாகத் திறப்பது போல் தெரிந்தது. பார்க்கிற ஒலியே மருந்துக்கு உதவுகிறதோ என்று கிளாட்பஸ்ட் ஆய்வை நடத்தினார்கள். 2004-இல் முடிவு வந்தது. 126 பேர். ஊசியோடு 2 மெகா ஹெர்ட்ஸ் டாப்ளரும் இரண்டு மணி நேரம் வைக்கப்பட்டவர்களில் 49 சதவீதத்தினருக்கு அடைப்பு முழுவதும் திறந்தது, அல்லது கை கால் வியக்கத்தக்க அளவு திரும்பியது. ஊசி மட்டும் போட்டவர்களில் அது 30 சதவீதம். மூளையில் ஆபத்தான கசிவு இரு பக்கமும் ஒரே அளவுதான்.

ஜெர்மனியில் இன்னொரு குழு, மண்டை ஓட்டை எளிதில் ஊடுருவும் என்று 300 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொண்டது. டிரம்பி என்று பெயர். 26 பேரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. ஒலி கொடுத்த 14 பேரில் 13 பேருக்கு எம்ஆர்ஐ-யில் கசிவின் அடையாளம். ஊசி மட்டும் போட்ட 12 பேரில் 5 பேருக்கு. குறைந்த அலைவெண் ஒலி மண்டை ஓட்டுக்குள் எதிரொலித்து எதிர்பாராத இடங்களில் குவிந்திருக்கலாம் என்று பிறகு விளக்கினார்கள். அந்த ஒலி எங்கே போகிறது என்று அப்போது பார்க்க வழி இருந்திருந்தால் என்று எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

பிறகு, யாரும் புரோபைப் பிடிக்காமலே தலையில் மாட்டிவிடுகிற பட்டை ஒன்று செய்து 676 பேரிடம் பார்த்தார்கள். ரத்தக்குழாயைத் தேடிக் குறிவைக்கத் தேவையில்லை என்பதுதான் அதன் வசதி. ஆபத்து இல்லை, ஆனால் பலனும் இல்லை என்று 2019-இல் வெளியிட்டார்கள். ஆளே குறிவைத்து அடைப்பைத் திரையில் பார்த்தபடி செய்த முதல் ஆய்வுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அந்தக் குறிவைத்தல். தோல்விக்கு அதுதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. என் சந்தேகம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு இப்போது வேண்டியது இயன்முறைப் பயிற்சியும், மறுபடி வராமல் தடுக்கும் மருந்தும். வீட்டில் வேறு யாருக்காவது வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் அவகாசம். பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி விட்டு எடுக்கிற சிகிச்சைக்குச் சிலருக்கு 24 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு.

அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலில் ரத்தக்கட்டி. அல்ட்ராசவுண்ட் குழாய் ஒன்றை உள்ளே விட்டுக் கரைக்கலாம், ஆனால் செலவு அதிகம் என்கிறார்கள். சாதாரணக் குழாய் போதாதா? எது நல்லது?
*வாசகர், சேலம்*

நுரையீரலுக்கு வெளியிலிருந்து ஒலி கொடுக்க முடியாது தம்பி. அங்கே இருக்கிற காற்று ஒலியைத் திருப்பிவிடும். அதனால் தொடை அல்லது கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயை நுரையீரல் தமனிக்குக் கொண்டுபோய், அதன் நீளத்தில் பொருத்தியிருக்கும் சின்னச் சின்ன ஒலி உறுப்புகள் மூலம் ஒலி கொடுத்துக்கொண்டே மருந்தைச் சொட்டச் சொட்ட விடுகிறார்கள். ஒலி கட்டியை இளக்கி மருந்தை உள்ளே போகவிடும் என்பது எண்ணம்.

இந்தக் குழாய் தானே படம் காட்டாது. ரத்தக்குழாய்க்குள் குழாய் விடுகிற அறையான கேத் லேபில் எக்ஸ்ரேயும் சாயமும் வைத்துத்தான் அதை இடத்தில் நிறுத்துகிறார்கள். பலன் கிடைத்ததா என்பதை எக்கோவிலோ சிடியிலோ இதயத்தின் வலது அறை எவ்வளவு சுருங்கியது என்று பார்த்துச் சொல்கிறார்கள். கட்டி அடைத்தால் வலது அறை உப்பும். வலது அறையின் அகலத்தை இடது அறையின் அகலத்தால் வகுத்தால் கிடைக்கிற எண்தான் எல்லாரும் பார்ப்பது. 59 பேரிடம் செய்த அல்டிமா ஆய்வில் இந்தக் குழாய் வைத்தவர்களுக்கு அது 24 மணி நேரத்தில் 1.28-லிருந்து 0.99-க்கு இறங்கியது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மட்டும் போட்டவர்களுக்கு 1.20-லிருந்து 1.17-தான்.

இதைக் கேட்டால் ஒலிக் குழாய்தான் நல்லது என்று தோன்றும். ஆனால் அங்கே ஒப்பிட்டது ஹெப்பாரினோடு. நீங்கள் கேட்பது சாதாரணக் குழாயோடு. அந்த ஒப்பீட்டை சன்செட் என்ற ஆய்வு 81 பேரிடம் செய்து 2021-இல் வெளியிட்டது. கட்டி குறைந்த அளவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கால் கட்டிக்கு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 48 பேரிடம் செய்த ஆய்விலும் அதே முடிவு. ஆகவே சாதாரணக் குழாய் கிடைத்தால் கூடுதல் பணம் கட்ட வேண்டிய கட்டாயம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. குழாயே தேவையா என்பதும் முதலில் கேட்க வேண்டியது. அம்மாவின் ரத்த அழுத்தம் நிலையாக இருக்கிறதா, வலது அறை உப்பியிருக்கிறதா, இதயத் தசை பாதிப்பைக் காட்டுகிற டிரோபோனின் ரத்தத்தில் கூடியிருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இவை நன்றாக இருந்தால் மருந்து மட்டுமே போதும். ஆபரேஷன் சமீபத்தில் நடந்திருப்பதால் கரைக்கும் மருந்தால் அந்தக் காயத்தில் ரத்தம் கசியுமா என்பதையும் எலும்பு டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்யச் சொல்லுங்கள்.

எக்கோ டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் மெஷினையே வைத்து மாரடைப்புக் கட்டியைக் கரைத்ததாக ஒரு வகுப்பில் கேட்டேன். அது எப்படி முடியும் மேடம்?
*வாசகர், திருநெல்வேலி*

முடிந்திருக்கிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 100 பேரிடம் செய்து 2019-இல் வெளியிட்டார்கள். நுண்குமிழ்கள் கலந்த சாயத்தைச் சிரையில் ஏற்றுகிறார்கள். முதலில் குறைந்த சக்தியில் படம். குமிழ்கள் இதயத் தசைக்குள் வந்து சேருவது அதில் தெரியும். தெரிந்ததும் சில விநாடி மட்டும் சக்தியைக் கூட்டி ஒலித் துடிப்புகள். குமிழ்கள் வெடித்துக் காலியாகும். மறுபடி குறைந்த சக்திக்கு இறங்கி, குமிழ்கள் திரும்ப நிரம்பக் காத்திருந்து, மறுபடி துடிப்பு. ஆஞ்சியோ மேஜைக்கு வந்தபோது இப்படிச் செய்தவர்களில் 48 சதவீதத்தினருக்குக் குழாய் ஏற்கெனவே திறந்திருந்தது. மற்றவர்களில் 20 சதவீதம். பயன்படுத்தியது நோய் கண்டறிகிற கருவியின் அனுமதிக்கப்பட்ட சக்தி வரம்புக்குள்தான்.

இங்கே நான் கவனிக்கச் சொல்வது, எப்போது துடிப்பு கொடுப்பது என்பதைப் படம் முடிவு செய்தது என்பதை. குமிழ் இல்லாத நேரத்தில் ஒலி கொடுத்தால் வீண். எந்தத் தசைப் பகுதியில் குமிழ் தாமதமாக வருகிறது என்று பார்ப்பவருக்குத்தான் அடைப்பு எங்கே என்று தெரியும். இது இன்னும் ஆய்வுதான், எந்த நோயாளிக்கும் நீங்களாக முயன்று பார்க்கக் கூடாது. ஆனால் இப்படிக் குமிழ்ச் சாயம் ஏற்றிப் பார்க்கிற கான்ட்ராஸ்ட் எக்கோ உங்கள் ஆஸ்பத்திரியில் செய்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். குமிழ்கள் அழிந்து திரும்ப நிரம்புவதை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்.